மணி அடித்த பின் எத்தனை நிமிடம்?

பேரிடர் மேலாண்மை ஒத்திகை முடிந்ததும் நாம் அனுப்பும் அறிக்கையில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: "மாணவர்கள் அனைவரும் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர்." கூடவே இரண்டு ஒளிப்படங்கள் இருக்கும். ஒன்றில் தீயணைப்பு வீரர் கருவியை இயக்கிக் காட்டுவார். மற்றொன்றில் மாணவர்கள் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். இந்த அறிக்கையைப் படிப்பவருக்கு, அந்தப் பள்ளியில் நாளை உண்மையாகவே தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பது தெரியுமா? தெரியாது. வெளியே வர எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்த வாசல் வழியாக வந்தார்கள், வந்தவர்களை யார் எண்ணினார்கள், எண்ணிக்கை சரியாக இருந்ததா என்ற விவரம் எதுவும் அதில் இல்லை.

ஒரு குழந்தையின் வாசிப்பைப் பற்றி "நன்றாக வாசிக்கிறாள்" என்று மட்டும் எழுதினால் நாமே அதை மதிப்பீடு என்று ஏற்கமாட்டோம். எந்த எழுத்தில் தடுமாறுகிறாள், எவ்வளவு வேகத்தில் வாசிக்கிறாள், வாசித்தது புரிந்ததா என்று பிரித்துப் பார்க்கிறோம். பள்ளி என்பது குழந்தைகள் படிக்கும் இடம் மட்டுமல்ல, நாம் வேலை செய்யும் இடமும்தான். ஆபத்து நேரத்தில் அந்த இடத்தை விட்டு வெளியேற நாம் எவ்வளவு தயாராக இருக்கிறோம் என்பதையும் அதேபோலப் பிரித்து அளந்து பார்க்க முடியும். அதற்குச் செலவு கிடையாது. ஒரு கைப்பேசியும் ஒரு தாளும் போதும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்ததை நம்மில் பெரும்பாலோர் மறந்திருக்க மாட்டோம். சமையலறையில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், மேலே கூரை வேய்ந்த வகுப்பறை, இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. அதன்பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அந்த விபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று சொன்னது. கூரைகள் போய்விட்டன. ஆனால் குறுகிய படிக்கட்டும், பூட்டிய கம்பிக் கதவும், வழியில் அடுக்கிய சாமான்களும் எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது.

வெளியேறுதலை ஆராயும் பொறியாளர்கள் இரண்டு நேரங்களை ஒப்பிடுவார்கள். ஒன்று, நமக்குக் கிடைக்கும் நேரம். தீ தொடங்கியதிலிருந்து புகையும் வெப்பமும் வழியை அடைக்கும் வரை உள்ள இடைவெளி அது. மற்றொன்று, நமக்குத் தேவைப்படும் நேரம். யாரோ ஒருவர் ஆபத்தைக் கவனித்து, அதை எல்லோருக்கும் அறிவித்து, கேட்டவர்கள் நம்பி எழுந்து, நடந்து, கடைசி ஆளும் வெளியே வரும் வரை ஆகும் நேரம். இரண்டாவது நேரம் முதலாவதைவிடக் குறைவாக இருந்தால் பிழைப்போம். முதல் நேரத்தை நாம் அளக்க முடியாது. அது தீயையும் கட்டடத்தையும் பொறுத்தது. இரண்டாவதை அளக்கலாம், குறைக்கவும் செய்யலாம்.

எப்படி அளப்பது? ஒத்திகையின்போது கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு நான்கு நேரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மணி அடித்த நேரம். முதல் ஆள் கட்டடத்தை விட்டு வெளியே வந்த நேரம். கடைசி ஆள் வெளியே வந்த நேரம். "எல்லாரும் இருக்கிறார்கள், எண்ணிக்கை சரி" என்று உறுதி செய்த நேரம். நான்கு நேரங்களுக்கு நடுவே மூன்று இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியும் வெவ்வேறு குறையைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 180 மாணவர்கள் உள்ள, மாடியோடு கூடிய ஒரு நடுநிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். மணி அடித்து 50 நொடி கழித்து முதல் மாணவன் வெளியே வருகிறான். கடைசி ஆள் வந்தது 4 நிமிடம் 10 நொடியில். எண்ணி முடித்தது 9 நிமிடத்தில். அறிக்கையில் இது "9 நிமிடத்தில் வெளியேற்றப்பட்டனர்" என்று போகும். ஆனால் உள்ளே பார்த்தால் மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதல் 50 நொடி என்ன ஆயிற்று? மணி கேட்டதும் யாரும் எழவில்லை. இடைவேளை மணியா, சோதனை மணியா, யாராவது விளையாட்டுக்கு அடித்தார்களா என்று ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத் திரும்பினார். இது மனித இயல்பு. உண்மையான விபத்துகளிலும் மக்கள் ஓடித்தான் தொடங்குவார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. என்ன என்று விசாரிப்பார்கள், பையைத் தேடுவார்கள், மற்றவர் எழுகிறாரா என்று பார்ப்பார்கள். இந்த இடைவெளி நீளமாக இருந்தால் குறை கால்களில் இல்லை, மணியில் இருக்கிறது. வகுப்பு மாறும் மணியும் ஆபத்து மணியும் ஒரே மாதிரி ஒலித்தால் யாருக்குத்தான் புரியும்? மின்சார மணி மட்டும்தான் இருக்கிறது என்றால் மின்தடையின்போது அடிக்க என்ன இருக்கிறது? சமையல் எரிவாயு கசிந்திருக்கும் நேரத்தில் எந்த மின் விசையையும் தொடக்கூடாது என்பதால் அப்போதும் மின்சார மணி உதவாது. பழைய கைமணியோ தண்டவாளத் துண்டோ எங்கேயாவது கிடந்தால் அதைத் தூக்கி வராந்தாவில் கட்டிவிடுவது நல்லது. அதன் ஒலி கழிப்பறையிலும் ஆய்வகத்திலும் பின்கட்டு வகுப்பிலும் கேட்கிறதா என்று ஒரு மாணவனை அங்கே நிறுத்திப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது இடைவெளியான 3 நிமிடம் 20 நொடி, வழியைப் பற்றியது. ஒரு மீட்டர் அகலமுள்ள வாசல் வழியாக நொடிக்கு ஒருவர் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 40 பேர் உள்ள வகுப்பு வெளியே வர 40 நொடி ஆகும். ஆனால் மாடியில் மூன்று வகுப்புகளும் ஒரே படிக்கட்டில் வந்து சேர்ந்தால், நேரத்தை முடிவு செய்வது வகுப்பறை வாசல் அல்ல, அந்தப் படிக்கட்டின் மிகக் குறுகலான இடம். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பல பள்ளிகளில் அது கட்டடக் குறையாகவே இருக்காது. பாதி மட்டும் திறந்து வைத்த இரட்டைக் கதவாக இருக்கும். படிக்கட்டின் அடியில் வழங்கக் காத்திருக்கும் விலையில்லா மிதிவண்டிகளாக இருக்கும். உடைந்த பெஞ்சுகள், பாடநூல் கட்டுகள், தேர்தல் வாக்குச்சாவடிக்குப் போட்ட மேசை என்று எதுவாகவும் இருக்கும். வகுப்பறைக் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளையும் பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டாக வெளியிலிருந்து தாழிடுவது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். பள்ளி நேரத்தில் அந்தத் தாழ்ப்பாள் நகராதபடி ஒரு கம்பியால் கட்டி வைத்தால் போதும். மாலையில் அவிழ்த்துப் பூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது இடைவெளியை யாரும் அளப்பதே இல்லை. அதுதான் மிகப் பெரியது: 4 நிமிடம் 50 நொடி. பிள்ளைகள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள், அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்பதுதான். நமக்குப் பதில் தெரியவில்லை என்றால் ஒரு வீரர் ஆளில்லாத அறைக்குள் உயிரைப் பணயம் வைத்து நுழைவார். அல்லது ஆள் இருக்கும் அறைக்குள் யாரும் நுழையாமல் போவார்கள். என் கணிப்பில், ஒரு பள்ளியின் தயார்நிலையை ஒரே ஓர் எண்ணால் சொல்லவேண்டும் என்றால் அது இந்த நான்காவது நேரம்தான்.

கருவிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1958 டிசம்பர் 1 அன்று அங்குள்ள ஒரு தேவாலயப் பள்ளியில் மரப் படிக்கட்டின் அடியில் பற்றிய தீயில் 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரி ஆசிரியைகளும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பள்ளி தீப்பாதுகாப்பு ஆய்வில் தேறியிருந்தது. தீயணைப்பான்கள் இருந்தன, ஆனால் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். தீ அறிவிப்பு மணியும் இருந்தது, ஆனால் அது அடித்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரியாது. "இருக்கிறதா?" என்ற கேள்விக்கெல்லாம் "ஆம்" என்று பதில் எழுதக்கூடிய பள்ளி அது. "எட்டுமா? கேட்குமா? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

நம் பள்ளியிலும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம். தீயணைப்பான் எங்கே இருக்கிறது? தலைமையாசிரியர் அறையின் பீரோவுக்குப் பின்னால் என்றால், அந்த அறை பூட்டியிருக்கும்போது அது இல்லாததற்குச் சமம். அதன் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா? அதை இயக்கத் தெரிந்தவர் பள்ளியில் எத்தனை பேர்? நாம் வைத்திருக்கும் சிறிய உருளை சில நொடிகளே பீய்ச்சும். குப்பைக் கூடை அளவு நெருப்பை அணைக்கத்தான் அது. அதற்குமேல் போனால் வெளியேறுவதுதான் வேலை. பிள்ளைகளை வெளியே அனுப்பாமல் ஆசிரியர் நின்று தீயோடு போராடக்கூடாது.

அடுத்து, எந்த நேரத்தில் அளப்பது என்பது. வழக்கமாக ஒத்திகையைக் காலை வழிபாட்டுக்குப் பிறகு வைக்கிறோம். எல்லா ஆசிரியரும் இருப்பார்கள், எல்லாக் கதவும் திறந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அதாவது, ஆபத்து வருவதற்கு இருப்பதிலேயே வசதியான நேரம்! ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறார்கள். அப்போது நாம் தேர்வில் மூழ்கியிருக்கிறோம். ஆகவே தீயணைப்புத் துறையினர் வரும் நாளை மட்டும் நம்பாமல் நாமே வேறு நேரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிய உணவு வேளையில் பிள்ளைகள் வகுப்பில் இல்லை, மரத்தடியிலும் குழாயடியிலும் சிதறியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருக்கும் நாளில் யார் முடிவெடுப்பார்? மாலைச் சிறப்பு வகுப்பில் பத்தாம் வகுப்பு மட்டும் இருக்கும்போது முன்வாசலைப் பூட்டிவிட்டு, பின்வாசல் சாவியைக் காவலாளி எடுத்துப் போய்விடுகிறாரா? பொதுத்தேர்வு நாளில் வாயில்களை மூடி வைப்பது வழக்கம். சாவி யாரிடம் இருக்கிறது என்பது தேர்வு மையத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தபிறகு இன்னொரு நேரமும் சேர்ந்திருக்கிறது. நாம் வருவதற்கு முன்பே அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பள்ளியில் பொறுப்பானவர் யார்? சமைக்கும் மகளிர் குழு அக்காவிடம் தலைமையாசிரியரின் கைப்பேசி எண் இருக்கிறதா? உருளையின் வால்வை எப்படி மூடுவது என்பதை யாராவது அவருக்குச் செய்து காட்டியிருக்கிறோமா? சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர், காவலாளி, அங்கன்வாடிப் பணியாளர், தற்காலிக ஆசிரியர் ஆகிய அனைவருக்கும் பள்ளி பணியிடம்தான். ஆனால் ஒத்திகைக்கு நாம் இவர்களைக் கூப்பிடுவது குறைவு. தீ பற்ற அதிக வாய்ப்புள்ள இடத்தில் நிற்பவர் அவர். அவரை விட்டுவிட்டு ஒத்திகை பார்ப்பதில் பொருள் இல்லை.

வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் ஒத்திகையில் விடுபடுகிறவர்கள் உண்டு. சக்கர நாற்காலியில் வரும் மாணவி, செவித்திறன் குறைந்த மாணவன், வலிப்பு வரக்கூடிய குழந்தை. "ஒத்திகை அன்று நீ வரவேண்டாம்" என்றோ, "நீ இங்கேயே உட்கார்ந்திரு" என்றோ அன்போடுதான் சொல்கிறோம். அவர்களுக்குத்தான் ஒத்திகை மிகவும் தேவை. மாடியில் உள்ள வகுப்பைக் கீழே மாற்ற முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாவிட்டால் யார் இருவர் தூக்குவது, அவர்களில் ஒருவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதைப் பெயரோடு முடிவு செய்துவிட வேண்டும். செவித்திறன் குறைந்த குழந்தைக்குத் தோளைத் தட்டிச் சொல்லும் பொறுப்பைப் பக்கத்தில் அமரும் மாணவனுக்குக் கொடுக்கலாம். சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளில் இதைப் பேசினால் அவர் இன்னும் நல்ல வழி சொல்வார்.

வெளியே வந்த பின் எங்கே போவது? திட்ட அறிக்கையில் "பாதுகாப்பான திறந்தவெளி" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம். இப்படிப் பொதுவாக எழுதப்பட்ட ஒரு சொற்றொடர் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் ஒகாவா தொடக்கப்பள்ளியைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஆசிரியர்கள் என்ற முறையில் நாம் அதைக் கொஞ்சம் விரிவாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

இஷினோமாகி நகரைச் சேர்ந்த அந்தப் பள்ளி, கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே, ஓர் ஆற்றின் கரையோரம் இருந்தது. 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46 மணிக்கு நிலநடுக்கம் வந்தது. ஆசிரியர்கள் சரியாகவே செயல்பட்டார்கள். பிள்ளைகளை மேசைக்கு அடியில் ஒதுங்கச் செய்து, பின் விளையாட்டுத் திடலுக்கு அழைத்து வந்து, பெயர் கூப்பிட்டு எண்ணினார்கள். கட்டடத்துக்குள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதுவரை நம் ஒத்திகை முறைப்படி முழு மதிப்பெண். சுனாமி எச்சரிக்கை வந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. அன்று தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தார். குன்றில் ஏறலாமா, மரம் விழுமா, இங்கேயே இருப்பதா என்று பேச்சு நீண்டது. ஏறத்தாழ 50 நிமிடம் அந்தத் திடலிலேயே நின்றார்கள். கடைசியில் புறப்பட்டதும் குன்றுக்கு அல்ல, ஆற்றுப் பாலத்தின் அருகில் இருந்த சற்றே உயரமான இடத்துக்கு. வழியிலேயே அலை வந்துவிட்டது. பள்ளியில் பயின்ற 108 குழந்தைகளில் 74 பேரும், ஆசிரியர்களும் பணியாளர்களுமாக 10 பேரும் போய்விட்டார்கள்.

பள்ளியின் பேரிடர்க் கையேட்டில் சுனாமி வந்தால் போகவேண்டிய இடம் எழுதப்பட்டிருந்தது: அருகிலுள்ள வெற்றிடம் அல்லது பூங்கா. எந்த வெற்றிடம், எந்தப் பூங்கா என்பது இல்லை. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2018-இல் செண்டாய் உயர் நீதிமன்றம், அன்றைய 50 நிமிடத்தை மட்டும் பார்க்கவில்லை. அதற்கு முன்பே, அமைதியான நாள்களில், கையேட்டில் குறிப்பிட்ட இடத்தையும் பாதையையும் எழுதித் திருத்தாத பள்ளியும், அதைச் சரிபார்த்துத் திருத்தச் சொல்லாத நகரக் கல்வி நிர்வாகமும் கடமை தவறின என்று தீர்ப்பளித்தது. 2019-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எழுதியவருக்கும் சரிபார்த்தவருக்கும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு இது. நாம் படிவத்தை நிரப்புகிறோம், அலுவலகம் கோப்பில் சேர்க்கிறது. நடுவில் யாராவது "அந்தத் திறந்தவெளி எது? நடந்து காட்டுங்கள்" என்று கேட்கிறார்களா?

நடந்து பார்த்தால் பல விஷயங்கள் தெரியும். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா? பக்கத்தில் பழைய நீர்த்தொட்டியோ விரிசல் விட்ட சுற்றுச்சுவரோ இருக்கிறதா? சுவர் விழுந்தால் எட்டாத தூரமா? பிள்ளைகள் நிற்கும் இடம் தீயணைப்பு வண்டி உள்ளே வரும் வழியை மறிக்கிறதா? திடல் இல்லாத நகரப் பள்ளிகளில் சாலைக்குத்தான் வரவேண்டியிருக்கும். அப்படியானால் எதிரிலுள்ள கோயில் வெளியோ திருமண மண்டபமோ சமுதாயக் கூடமோ எது என்பதை அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்து, சாலையைக் கடக்க யார் நிற்பார் என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் இடம் போதாது என்றால் போக இரண்டாவது இடம் எது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அதே 2011 சுனாமியின்போது கமாய்ஷி நகரில் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர்களும் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் முதலில் குறித்து வைத்த இடத்துக்கு ஓடினார்கள். அது போதாது என்று கண்டதும் இன்னும் மேலே, பிறகு அதற்கும் மேலே என்று ஏறிப் பிழைத்தார்கள். பெரிய பிள்ளைகள் சிறியவர்களின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அதை அவர்கள் முன்பே பழகியிருந்தார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். காலை 9.30 மணிக்குச் செயலியில் பதிந்த வருகை, பிற்பகல் 2 மணிக்குப் பொருந்தாது. ஒருவன் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பான், இருவர் விளையாட்டுப் போட்டிக்குப் போயிருப்பார்கள், ஒருத்தி காய்ச்சலென்று அம்மாவோடு போயிருப்பாள். கைப்பேசி ஆசிரியர் அறை மேசையில் சார்ஜில் இருக்கும். ஆகவே வகுப்புக் கதவருகே ஒரு சிறு அட்டையைத் தொங்கவிட்டு, இப்போது உள்ளே இருப்பவர் எத்தனை என்ற ஒரே எண்ணை வகுப்புத் தலைவர் பாடவேளைதோறும் சாக்பீஸால் மாற்றி எழுதினால் போதும். வெளியேறும்போது அட்டை ஆசிரியரோடு வரும்.

இது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒத்திகைக்குச் சற்று முன் ஒரு மாணவரையும் ஓர் ஆசிரியரையும் யாருக்கும் சொல்லாமல் அலுவலக அறையில் உட்கார வைத்துவிடுங்கள். மைதானத்தில் எண்ணும்போது அவர்கள் இல்லை என்பதை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள், எத்தனை நிமிடத்தில் என்று பாருங்கள். "எல்லாரும் இருக்கிறார்கள்" என்று அறிவித்துவிட்டால், அந்த ஒத்திகையில் மற்றவை எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும் எண்ணும் முறையைத் திருத்தியாக வேண்டும். ஆசிரியரையும் ஒளித்து வைக்கச் சொல்வது வேண்டுமென்றுதான். மாணவரை எண்ணுகிறோம், நம்மை நாம் எண்ணிக்கொள்வதில்லை.

இன்னொரு முறை, ஒரு படிக்கட்டின் முன் ஒரு மாணவரை "இங்கே புகை" என்று எழுதிய அட்டையோடு நிறுத்துங்கள். பழகிய வழி அடைபட்டால் வகுப்பு என்ன செய்கிறது என்று தெரியும். இதையெல்லாம் முதல் ஒத்திகையிலேயே செய்யக்கூடாது. முதலில் சொல்லிவிட்டு, மெதுவாக நடந்து பழக்கவேண்டும். அடுத்ததற்கு "இந்த வாரத்தில் ஒரு நாள்" என்று மட்டும் சொல்லலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அலறவைக்கும் ஒத்திகை தேவையில்லை. ஓடுவதும் தள்ளுவதும் எந்த ஒத்திகையிலும் கூடாது. வேகமாக முடிப்பதற்குப் பரிசு என்று அறிவித்தால் படிக்கட்டில் விழுவார்கள்.

எல்லா ஆபத்துக்கும் வெளியே ஓடுவது பதிலல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நிலம் அதிரும்போது மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொண்டு, அதிர்வு நின்றபின் வெளியேற வேண்டும். இடி மின்னலில், சூறைக்காற்றில், தேனீக் கூடு கலைந்த நேரத்தில் உள்ளே இருந்து கதவு சன்னலை மூடிக்கொள்வதே சரி. அதற்கு வேறு ஒலிக்குறிப்பு வேண்டும். இரண்டுக்கு மேல் குறிப்புகள் வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது.

யார் மதிப்பிடுவது? நம் பள்ளியை நாமே பார்த்தால் பழகிப்போனது கண்ணில் படாது. பத்து ஆண்டாகப் படிக்கட்டின் கீழ் கிடக்கும் பெஞ்சு நமக்கு அந்த இடத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருக்கும். குறுவள மையத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கச் சொல்லலாம். பதிலுக்கு நாம் அவர் பள்ளிக்குப் போகலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையும் அளவு நாடாவோடு அனுப்பலாம். வாசல் அகலம், படி எண்ணிக்கை, வகுப்புவாரியாக ஆகும் நேரம், சராசரி, வரைபடம் என்று கணக்குப் பாடமும் நடந்துவிடும். கம்பியில் தொங்கும் ஒயரையும் கழிப்பறையின் உட்பக்கத் தாழ்ப்பாள் சிக்குவதையும் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கண்ட குறைகளை எழுதும்போது மூன்று பத்திகளாகப் பிரிக்கலாம்: இன்றே நாமே செய்யக்கூடியவை, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் செய்யக்கூடியவை, பொதுப்பணித் துறையோ உள்ளாட்சியோ செய்யவேண்டியவை. இரண்டாவது படிக்கட்டு கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வர ஆண்டுகள் ஆகலாம். அந்த ஆதங்கம் நியாயமானதே. ஆனால் பட்டியலைப் பார்த்தால் முதல் பத்திதான் நீளமாக இருக்கும். மிதிவண்டிகளை நகர்த்துவது, தாழ்ப்பாளைக் கட்டுவது, கைமணியைத் தொங்கவிடுவது, மாற்றுச் சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது, 101, 108, 112 எண்களோடு பள்ளியின் முழு முகவரியையும் அடையாளத்தையும் தொலைபேசி அருகே எழுதி ஒட்டுவது ஆகிய எதற்கும் நிதி ஒதுக்கீடு வேண்டாம். முகவரியை ஏன் எழுதவேண்டும் என்று கேட்கலாம். பதற்றத்தில் "நம்ம ஸ்கூல்ல தீ" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஒத்திகை அறிக்கையில் அந்தப் பழைய ஒரு வரிக்குப் பதிலாக நான்கு நேரங்களையும், எந்த நாள், எந்தப் பாடவேளை, எத்தனை பேர், எந்த வழி அடைக்கப்பட்டது என்பதையும் எழுதி, முந்தைய ஒத்திகையின் நேரங்களைப் பக்கத்தில் வையுங்கள். 9 நிமிடம் 6 நிமிடமாகியிருந்தால் எந்த இடைவெளி குறைந்தது என்று தெரியும். கூடியிருந்தால் அதையும் அப்படியே எழுதவேண்டும். அந்த எண்ணை அழகுபடுத்துவதால் யாருக்கும் பயனில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது கேட்கவேண்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.

கடைசியாக ஒன்று. பொறுப்புப் பட்டியலில் நாம் பெயர்களை எழுதி ஒட்டுகிறோம். கலந்தாய்வு முடிந்ததும் அவர்களில் பாதிப் பேர் வேறு பள்ளியில் இருப்பார்கள், பட்டியல் மட்டும் சுவரில் இருக்கும். "மாடிக் கடைசி வகுப்பில் அந்தப் பாடவேளையில் இருப்பவர் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வரவேண்டும்" என்பதுபோல இடத்தையும் வேளையையும் வைத்து எழுதினால், யார் வந்தாலும் போனாலும் அது செல்லும். சக்கர நாற்காலியைத் தூக்குவது போன்ற ஓரிரு வேலைகளுக்கு மட்டும் பெயர் போதும். அவற்றை ஜூன் மாதம் மாற்றி எழுதிக்கொள்ளலாம். புதிதாகச் சேரும் ஆசிரியர் பணியேற்புக் கடிதம் கொடுக்கும் அன்றே, பாடவேளை அட்டவணையோடு அந்தத் தாளையும் அவர் கையில் கொடுத்து, அவருடைய வகுப்பிலிருந்து கூடும் இடம் வரை ஒருமுறை கூடவே நடந்துவிட்டு வந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.